சேற்றுக்குள் இறங்கிய தையல்

திருகோணமலைப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலும் அக்கம்பக்கத்திலும் ஓட்டோ ஓடுகிறவர்களில் பலர் அசனா தைத்த சீற்றில் உட்கார்ந்துதான் பிழைக்கிறார்கள். கடைப் பலகையில் இன்னும் ‘ஜவ்பர் குஷன் வேர்க்ஸ்’ என்றுதான் இருக்கிறது. ஜவ்பர் அவளுடைய கணவர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோடு சாய்த்து வைத்த ரெக்சின் சுருள்கள், மூலையில் ஸ்பொஞ்ச் குவியல், நடுவில் அந்தப் பெரிய மெசின். சட்டை தைக்கிற மெசின் அல்ல அது. தடித்த கன்வஸையும் ரெக்சினையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். அதன் சத்தம் களப்புக்கரை வரைக்கும் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான்.

ஜவ்பர் ஒரு நாள் ஓட்டோ ஒன்றின் கூரைக் கம்பியில் ஹூட் துணியை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. வலது கையும் வலது காலும் திரும்பவில்லை. கத்தரியும் ஊசியும் பிடித்த கை அது. வீட்டு மண்டபத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். முன்னறைக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு திரைதான்.

கடையில் வேலைகள் பாதியில் கிடந்தன. வண்டிக்காரர்கள் சுகம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து, எதையும் கேட்காமல், தங்கள் ரெக்சின் கிடக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அசனாவுக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நூல் கோத்துக் கொடுத்திருக்கிறாள், வெட்டிய துண்டுகளை அடுக்கியிருக்கிறாள், ஆனால் அந்த மெசினில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். மிதித்ததும் துணி கையைப் பறித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கிழமையே ஊசி அவளுடைய நகத்துக்குள்ளால் இறங்கியது. குசினி அடுப்படிக்குப் போய்த் துணி சுற்றிக்கொண்டு வந்து மீதியைத் தைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். மெசின் சத்தம் கிளம்பினால் ஜவ்பர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னார், ஆம்பிளையள்ற வண்டிக்குள் ஏறி இறங்கி அளவெடுக்கிற நிலைக்கு வீடு வந்துவிட்டதே என்று. அது கோபமா, வெட்கமா, தன்மேல் பட்ட துக்கமா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் இடக்கையால் பிசைந்து சாப்பிட்டார். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. வேலை அவளுக்குப் பழகியது. ஊரும் பழகிக்கொண்டது. அவர்கள் இருவருக்கும் இடையில் அந்தத் திரை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

வீதி வேலை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஊருக்கும் அக்கரை வயல்களுக்கும் நடுவில், கடலோடு சேரும் களப்பு நீரின் ஒரு கிளை உள்ளே நுழைந்திருக்கிறது. கோடையில் அது வெடித்த சேற்றுத் தரை. மாரியில் இடுப்பளவு தண்ணீர். அதன் குறுக்கே ஒரு மண் பாதை உண்டு, பேருக்கு. ஒவ்வொரு வருடமும் கிரவல் மண் கொட்டுவார்கள், ஒவ்வொரு வருடமும் அது கீழே போய்விடும். அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் தோணி தேட வேண்டும், இல்லாவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த இடத்தில் உயரமான அணை போட்டு நல்ல வீதி அமைக்க ஒரு கம்பனி வந்து முகாமிட்டது.

முதல் மாதமே சேறு அவர்களுக்குத் தன் குணத்தைக் காட்டியது. துளை போட்டுப் பார்த்தபோது கீழே வெண்ணெய் மாதிரியான சாம்பல் களி, ஆழம் வரைக்கும் அதேதான். களிக்குள் இரும்புக் குழாயை அதிரவைத்து இறக்கி, அதற்குள் உடைத்த கருங்கல்லைக் கொட்டி, குழாயை உருவி எடுத்தால் நிலத்துக்குள் கல்லால் ஆன தூண் ஒன்று நிற்கும். அணையின் பாரத்தை அந்தத் தூண்கள் தாங்கும். அதுதான் திட்டம். ஆனால் இங்கே தூண் நிற்கவில்லை. பாரம் ஏற்றியதும் கல் பக்கவாட்டில் களிக்குள் பிதுங்கிப் போனது. கல்லை அணைத்துப் பிடிக்கக் களிக்குப் பலமில்லை.

இதையெல்லாம் அசனாவுக்குச் சொன்னவள் சுதர்ஷிகா. திருகோணமலை நகரத்தைச் சேர்ந்தவள், முப்பது வயதைத் தாண்டிய பொறியியலாளர், மண் வேலைக்குப் பொறுப்பு. வேலைத்தளத்து மேற்பார்வையாளர் மைக்கல் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மைக்கல் பாலையூற்றுக்காரர். கம்பனியின் மண் வெட்டும் மெசினுக்கு ஏற்கனவே அசனாவிடம் சீற் தைப்பித்தவர் அவர்தான்.

தூணுக்கு உறை போட வேண்டும் என்றாள் சுதர்ஷிகா. பலமான நெய்த துணியால் நீளக் குழாய் மாதிரி ஓர் உறை. அதை இரும்புக் குழாய்க்குள் இறக்கி, கல்லை அதற்குள் கொட்டினால் கல் பிதுங்காது. தையலே இல்லாமல் நெய்த உறைகளுக்கு வெளிநாட்டில் சொல்லியிருக்கிறது. கப்பல் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் மாரி வந்துவிடும். மாரிக்கு முன் சில தூண்களையாவது போட்டு, பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் மற்றதை எல்லாம் கணக்குப் பண்ணலாம். அணைக்குக் கீழே விரிப்பதற்கென்று வந்த துணிச் சுருள் தளத்தில் இருக்கிறது. தைக்கத்தான் ஆளில்லை.

அசனா துணித் துண்டை வாங்கிக் கையால் இழுத்துப் பார்த்தாள். கறுப்பாக, பாயை விட முரடாக இருந்தது.

“சேத்துக்குள்ள போற சாமானுக்குத் துணி என்னத்தத் தாங்கும் மிஸ்?” என்று கேட்டாள்.

சுதர்ஷிகா, ஊர்ப் பெண்கள் அக்காவை அழைக்கிற மாதிரி, அவளை ராத்தா என்றுதான் அழைத்தாள். “ராத்தா, ஈர மண்ணில அரிசியக் கொட்டினா பரந்து போகும். அதையே ஒடுக்கமான பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டினா அதுக்கு மேல ஆள் ஏறி நிக்கலாம். களி பிடிக்காததைப் பை பிடிக்கும்.”

“பை கிழிஞ்சா?”

“கிழிஞ்சா திரும்பவும் வெறும் அரிசிதான்.”

அந்தப் பதில் அசனாவுக்குப் பிடித்தது. பூசி மெழுகாமல் சொன்னாளே என்றிருந்தது. தைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். திரைக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டதை அவள் கவனித்தாள்.

துணி வந்து இறங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. ஓர் உறை ஒரு வீட்டின் நீளம். துணியை நெடுக்காக இரண்டாக மடித்து, விளிம்பை முழு நீளத்துக்கும் நேராகத் தைக்க வேண்டும். மெசினுக்கு முன்னால் எவ்வளவு நீளம் வருகிறதோ, அவ்வளவு நீளம் பின்னால் போக வேண்டும். முற்றத்தில் மெசினை வைக்கலாம் என்றால் மின்சாரமும் இல்லை, நிழலும் இல்லை. கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. தெருவாசலால் துணி உள்ளே வரும், மெசினில் தைபடும், திரையை நீக்கினால் மண்டபத்தைக் கடந்து, கட்டிலை ஒட்டிக்கொண்டு, குசினி வாசலால் பின்பக்க வளவுக்குப் போகும்.

அவள் கட்டிலருகே போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். திரையைக் கழற்ற வேண்டும் என்றாள். ஜவ்பர் முகட்டைப் பார்த்தபடி, வீடு உன்ட கடையாகித்தானே போச்சு, செய் என்றார். அவள் கழற்றினாள்.

முதல் உறை பாதி வரைக்கும் ஒழுங்காகப் போனது. பிறகு மெசின் உறுமியது. துணி நகரவில்லை, ஊசி வளைந்து தையல் கோணியது. அவள் காலை எடுத்தாள். தெருப்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. எங்கோ மாட்டியிருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. திரும்பி வந்து மண்டபத்தைப் பார்த்தபோது ஜவ்பர் கட்டில் விளிம்புக்கு உடம்பை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கட்டில் காலில் துணியின் ஓரம் மடிந்து இறுகியிருந்தது. அவர் இடக்கையை நீட்டி, எட்டாமல், இன்னும் கொஞ்சம் சரிந்து, விழப்போகிறார் என்று அவள் பதறிய நேரத்தில் அந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிடித்தபடியே சொன்னார்.

“தை.”

அவள் ஊசியை மாற்றினாள். கோணிய இடத்தைப் பிரித்துவிட்டுத் தைத்தாள். மெசின் ஓட ஓட அவர் கையால் துணி வழுக்கிக்கொண்டு போனது. அவர் இழுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நேராகப் போகிற மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். முப்பது வருடம் துணியோடு கிடந்த கை. அது வலதா இடதா என்று துணிக்குத் தெரியவில்லை.

அடுத்த உறைக்கு அவரே தலையணைகளை அடுக்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். அதற்கடுத்ததற்குக் கதிரை கேட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் இருவரும் நிறுத்துவார்கள். அவள் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுப்பாள். வேலையைப் பற்றித்தான் கதைத்தார்கள். நூல் கண்டு முடியப்போகிறது, விளிம்பு அகலம் கூடிப்போச்சு, இப்படி. இரண்டு வருடமாக அந்த அளவுக்கும் கதைத்ததில்லை என்பது அவளுக்கு இரவில் படுக்கையில்தான் உறைத்தது.

உறைகளைக் கம்பனி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு மத்தியானம் மைக்கல் கைத்தொலைபேசியில் அழைத்து, மிஸ் உங்களை ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லுறா என்றார். குரலில் உற்சாகம் இல்லை. அசனா தான் ஹூட் போட்ட ஓட்டோ ஒன்றில்தான் போனாள். வண்டிக்காரர் வழி நெடுகக் கதைத்துக்கொண்டு வந்தார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

சேற்றுத் தரையின் நடுவே ஒரு தூணின் தலையில் தடித்த இரும்புத் தட்டு வைத்து, அதன் மேல் கொங்கிறீற் கட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதிப் பாரத்தைத் தாண்டியதும் தட்டு ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. கட்டைகளை இறக்கிவிட்டு, மண் வெட்டும் மெசினால் பக்கத்தில் தோண்டியிருந்தார்கள். அசனா குழியின் ஓரத்தில் போய் நின்று பார்த்தாள். சாம்பல் களிக்குள் அவளுடைய கறுப்புத் துணி தெரிந்தது. அது தையலோடு ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. கிழிந்த சாக்கிலிருந்து நெல் கொட்டுகிற மாதிரி கல் வெளியே வந்து கிடந்தது. துணி கிழியவில்லை. தையல்தான் விட்டிருந்தது.

தளத்தின் முகாமையாளர் அங்கேதான் நின்றார். கம்பனியின் மேலாளர் அவர். சுதர்ஷிகாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். கப்பல் வரும்வரை பொறுப்போம் என்பதுதான் அவர் சொன்னது என்று பிறகு தெரிந்தது.

சுதர்ஷிகா காலில் சப்பாத்தெல்லாம் சேறாக அசனாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“துணியைத்தான் கொழும்புக்கு அனுப்பிச் சோதிச்சனான் ராத்தா. தையலைச் சோதிக்க இல்ல. மழைக்கு முந்தி முடிக்க வேணும் எண்டு அவசரப்பட்டிட்டன். கல்லு வெளியால தள்ளேக்க முழுப் பாரமும் அந்த ஒரு வரியிலதான் விழும். அது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.”

அசனாவுக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இருக்கவில்லை. யார் எதைச் சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் விட்டது அவள் போட்ட தையல். கிழிந்த துண்டைத் தரச் சொல்லிக் கேட்டாள். மைக்கல் கத்தியால் வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்.

வீட்டில் அந்தத் துண்டை ஜவ்பரின் மடியில் வைத்தாள். அவர் இடக்கை விரலால் நூல் அறுந்த வரியைத் தடவிக்கொண்டே போனார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும், மறுபடியும் திரும்பியும். குற்றம் கண்டுபிடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். தையல் கோணலில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்று திரையைத் திரும்பவும் மாட்டிவிடுவோமா என்று அவளுக்குத் தோன்றியது. மாட்டவில்லை. மாட்டுவதற்கும் உடம்பில் தெம்பிருக்கவில்லை.

ஊரில் செய்தி நடக்கக் கேட்கவா வேண்டும். தேத்தண்ணிக் கடையில் இரண்டு நாளைக்கு அதுதான் கதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸெய்னுதீன் வந்தார். ஜவ்பரோடு ஒன்றாகத் தொழில் பழகியவர், இப்போது முள்ளிப்பொத்தானைப் பக்கம் சொந்தக் கடை வைத்திருக்கிறார். கிழமைக்கு ஒரு தடவை வந்து போகிற ஒரே சிநேகிதர். கெட்ட மனுசர் அல்ல. ஆனால் வாயில் வருவதை மென்று விழுங்கத் தெரியாது.

அசனா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மண்டபத்துப் பேச்சு அப்படியே காதில் விழுந்தது. ரோட்டு வேலையை ஒரு பொம்பிளையிட கையில் குடுத்தா இப்பிடித்தான் என்று ஸெய்னுதீன் சிரித்துக்கொண்டு சொன்னார். தன்னிடம் கேட்டிருந்தால் தான் தைத்துக் கொடுத்திருப்பேன் என்றார். ஊர் சிரிக்கிறது, அவளிடம் சொல்லி இதோடு விடச் சொல் என்றார். அவளுடைய கத்தி நின்றது. பிறகு ஜவ்பரின் குரல் வந்தது. நாக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். அதனால் அவர் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவார்.

“ஸெய்னுதீன், அந்தத் துணிய நான்தான் புடிச்சுக் குடுத்த. அவ தைக்கக்குள்ள நான் பாத்துக்கிட்டு இருந்த. எனக்கும் அது நல்ல தையலாத்தான் தெரிஞ்ச. கிழிஞ்சதில எனக்கும் பங்கிரிக்கி. சிரிக்கிறதெண்டா என்னையும் சேத்துச் சிரிக்கச் சொல்லு.”

ஸெய்னுதீன் பேச்சை மாற்றினார். மீன் விலை, கந்தளாய்க் குளத்துத் தண்ணி, யாரோ கட்டாருக்குப் போன கதை. அசனா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, செதிள் ஒட்டிய கையோடு, குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. பிறகு மீனைக் கழுவி அடுப்பில் வைத்தாள். ஸெய்னுதீனும் அன்று அங்கேதான் சாப்பிட்டார். நல்ல ஆணம் என்று குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் அவளே சுதர்ஷிகாவை அழைத்தாள். கப்பல் வரும்வரை சும்மா இருக்கத்தான் போகிறீர்களா என்று கேட்டாள். சுதர்ஷிகாவும் சும்மா இருந்திருக்கவில்லை. முகாமையாளரோடு இழுபட்டு, இன்னும் ஒரு தடவை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். மடிப்பை எப்படிப் போட்டால் பலம் கூடும் என்று வெளிநாட்டு ஆய்வுகளைப் பார்த்துப் படம் கீறிக்கொண்டு வந்தாள். விளிம்புகளைச் சும்மா சேர்த்துத் தைக்காமல், ஒன்றை மற்றதற்குள் சுருட்டி மடித்து, பக்கத்துப் பக்கத்தில் பல வரி ஓட வேண்டும். நூலும் வேறு, மீன் வலைக்குப் போடுகிற நூலை விடத் தடிப்பானது, கொழும்பிலிருந்து எடுப்பித்தாள்.

படத்தில் போட்டது மெசினில் அவ்வளவு இலேசாக ஏறவில்லை. சுருட்டிய மடிப்பில் ஊசிகள் உடைந்துகொண்டே போயின. தடித்த நூல் ஊசிக் கண்ணில் உராய்ந்து நார் நாராகப் பிரிந்தது. ஊசியை மாற்றினார்கள். மெழுகு தடவிப் பார்த்தார்கள். மெழுகு உதவவில்லை. மடிப்பை முதலில் கையால் அழுத்தி வைத்துத் தைத்தால் பரவாயில்லை என்று கண்டார்கள். அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஜவ்பர் கதிரையில் இருந்தபடி மடியில் பலகை வைத்து, ஒரு மரக்கட்டையால் மடிப்பை அழுத்தி அழுத்தித் தள்ளினார். சுதர்ஷிகா நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துண்டு துண்டாகத் தைத்த மாதிரிகளுக்கு இலக்கம் எழுதினாள். ஒரு பின்னேரம் மூன்று பேரும் அலுத்துப்போய் இருந்தபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கையில் தையலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை என்று அவள் சொன்னாள். எனக்கும் சேத்தப் பத்தி ஒருத்தரும் சொல்லித்தரல்ல என்றாள் அசனா. ஜவ்பர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிற அந்தச் சிரிப்பை அவர் வெளியாருக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை.

மாதிரிகள் சோதனைக்குப் போயின. முதல் தொகுதி தோற்றது. இரண்டாவதில் ஒன்றே ஒன்று தேறியது, அதுவும் துணியின் முழுப் பலத்துக்கு வரவில்லை. ஆனால் இவ்வளவு போதும், இதற்கேற்ற மாதிரித் தூண்களை நெருக்கிப் போட்டால் சரி என்று சுதர்ஷிகா கணக்குப் போட்டாள். நூறு வீதம் நல்லது வரும்வரை காத்திருந்தால் வானம் காத்திருக்காது என்றாள். வடகிழக்கில் முகில் கூடத் தொடங்கியிருந்தது.

உறைகள் மறுபடியும் தெருவாசலால் வந்து மண்டபத்தால் போயின. இந்தத் தடவை அவசரமில்லை. ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்திப் பார்த்துத் தைத்தார்கள்.

பாரம் ஏற்றிய அன்று அசனாவை யாரும் அழைக்கவில்லை. அவளாகவே போனாள். தூரத்தில் ஒரு கண்டல் மரத்தின் நிழலில் நின்றுகொண்டாள். கட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட நேரம் காத்திருந்து அளந்தார்கள். தட்டு தாழ்ந்தது. தாழாமல் இருக்காது, கல் உறைக்குள் இறுகி உட்கார்ந்தால்தான் துணி பிடிக்கும் என்று சுதர்ஷிகா முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு தாழ்வையும் அசனா விரல் மடித்து எண்ணினாள். பாரம், போன தடவை தட்டு சரிந்த அளவைத் தாண்டியது. அதற்கு மேலும் ஏறியது. ஒரு கட்டத்தில் தாழ்வது நின்றது. மைக்கல் இரண்டு கையையும் தூக்கி அவள் நின்ற பக்கமாகக் காட்டினார். அவள் நிற்பதை அவர் எப்போது கண்டாரோ தெரியாது.

அவள் வீட்டுக்கு வந்து, நிண்டுட்டு என்றாள். ஜவ்பர் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அந்த மாரி முழுக்க, அவள் தைத்த உறைகளின் மேல் எழுப்பிய சிறு அணைத்துண்டு தண்ணீருக்கு நடுவே நின்றது. கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு நின்றது. அந்த அளவுகளை வைத்துத்தான் மீதி வீதியின் கணக்கு முழுவதும் போடப்பட்டது. தை பிறந்ததும் கப்பலில் வந்த தையலில்லாத உறைகள் இறங்கின. அவை நல்லவை. அசனாவே அதில் ஒன்றைத் தடவிப் பார்த்து, இதுக்கு முன்னால் நம்மட வேலை நிற்காது என்று ஒத்துக்கொண்டாள். வீதியின் பெரும்பகுதி அந்த உறைகளின் மேல்தான் நிற்கிறது. அவளுடையது, வெள்ளோட்டமாகப் போட்ட அந்தச் சிறு துண்டின் கீழே மட்டும்தான். அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடத் தேவையில்லை என்று வீதியோடு சேர்த்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு அவளுக்கு மனம் வெறுமையாகத்தான் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு சின்னத் துண்டா என்று. அந்தத் துண்டு நிற்காவிட்டால் மற்றதும் இல்லை என்று சுதர்ஷிகா சொன்னதை அவள் நம்பினாள், ஆனால் நம்புவதும் மனம் நிறைவதும் ஒன்றல்ல.

வீதி திறந்த பிறகு சுதர்ஷிகா வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனாள். பெருநாளுக்குத் தொலைபேசியில் அழைப்பாள். சேறு எப்படியிருக்கிறது என்று அசனா கேட்பாள், எல்லா ஊரிலும் சேறு சேறுதான் என்று அவள் சொல்வாள்.

கடையில் இப்போது ஜவ்பரின் கதிரை மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லா நாளும் நல்ல நாளல்ல. சில காலைகளில் அவர் எழும்ப மாட்டார், பேச மாட்டார். அவள் விட்டுவிடுவாள். மற்ற நாட்களில் நிறத்தைப் பற்றி வண்டிக்காரர்களோடு தர்க்கம் பண்ணுவது அவருடைய வேலை.

போன மாதம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போக, அக்கரையில் ஒரு சொந்தக்காரரையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால், ஓட்டோவில் அந்த வீதியால் போனார்கள். நடுவில் ஓரிடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். ஜவ்பர் இருந்தபடியே தலையை நீட்டித் தாரைப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டார். மதகுக்கும் அந்த வளைவுக்கும் நடுவில் என்று மிஸ் சொன்னவ, சரியா எங்க எண்டு எனக்கும் தெரியா என்றாள் அவள். தார் எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சேற்றுத் தரையில் நாரைகள் மேய்ந்தன. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது, வண்டிக்காரர் எடுத்துவிட்டார்.

கிளினிக்கில் வரிசை நீளம். ஜவ்பருக்குப் பக்கத்தில் சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு வயதாளி, மீன்பிடிகாரர், அவருக்கும் ஒரு கை விழுந்திருந்தது. எந்த வழியால் வந்தீர்கள் என்று அவர் கேட்டார். ஜவ்பர் புது வீதியைச் சொன்னார். அது நல்ல ரோட்டாமே என்றார் அவர்.

“ஓம். அதுக்குக் கீழ எங்கட தையல் கொஞ்சம் இரிக்கி,” என்றார் ஜவ்பர்.

அந்த மனிதர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பாவம், நோய் தலைக்கும் ஏறிவிட்டது போல என்று நினைத்து, மெல்லத் தலையாட்டினார். ஜவ்பர் விளக்கம் சொல்லப் போகவில்லை. தாதி பெயரைக் கூப்பிட்டாள். அசனா அவருடைய இடக்கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினாள்.